சிபியு சும்மாதான் இருக்கிறது, த்ரெட் ஏன் தாமதமாக எழுகிறது? ஷெட்யூலிங், பிரீஎம்ப்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் ஆடியோ வேலை பார்ப்பவர், சிஎன்சி இயந்திரம் ஓட்டுபவர், ரோபோ கட்டுபவர், உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டிய சர்வர் எழுதுபவர் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் வந்து முட்டிக்கொள்கிற இடம் இது. பதில்கள் பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஒட்டியே இருக்கும். அதன் உள்வேலைகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன என்பதே காரணம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாமதம் என்றதும் எல்லோரும் ஷெட்யூலரைத்தான், அதாவது அடுத்து யார் சிபியுவில் ஓடுவது என்று முடிவு செய்யும் பகுதியைத்தான், சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலான நேரம் அது எடுக்கும் முடிவு சரியாகவே இருக்கும். அந்த முடிவை உடனே நிறைவேற்ற விடாமல் வேறு ஏதோ தடுத்துக்கொண்டிருக்கும். அந்தத் தடையைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான வேலை.

பிரீஎம்ப்ஷன் லேட்டன்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

ஓடிக்கொண்டிருப்பதை இடையில் நிறுத்திவிட்டு முக்கியமானதை ஏற்றுவதுதான் பிரீஎம்ப்ஷன்; அதற்கு ஆகும் தாமதம்தான் லேட்டன்சி. ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரடு) டைமருக்காகத் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டைமர் அடிக்க வேண்டிய கணத்திலிருந்து அந்த த்ரெட்டின் அடுத்த கட்டளை சிபியுவில் ஓடும் கணம் வரை ஆகும் நேரம்தான் கணக்கு.

இதற்குள் வரிசையாகச் சில காரியங்கள் நடக்கின்றன. வன்பொருள் இன்டரப்டை, அதாவது சிபியுவை இடைமறிக்கும் சமிக்ஞையை, எழுப்புகிறது. அந்த கோரில் இன்டரப்டுகளை அணைத்து வைத்திருந்தால், மறுபடி திறக்கும் வரை அது வாசலில் நிற்கும். பிறகு இன்டரப்ட் ஹேண்ட்லர் ஓடி, தூங்கும் த்ரெட்டை எழுப்பி, ஓடத் தயாராக இருப்பவர்களின் வரிசையில் சேர்க்கிறது. புதிதாக வந்தது இப்போது ஓடுவதைவிட முக்கியம் என்றால், ஆளை மாற்ற வேண்டும் என்று ஒரு கொடி உயர்கிறது. கெர்னல் அந்தக் கொடியைப் பார்க்கும் அடுத்த இடம் வரும்போது ஷெட்யூலர் அழைக்கப்பட்டு, பழைய த்ரெட்டின் ரெஜிஸ்டர்கள் சேமிக்கப்பட்டு, புதியது ஏறுகிறது.

கடைசியில் சொன்ன கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் இன்றைய சிபியுக்களில் சில மைக்ரோ நொடிக்குள் முடிந்துவிடும். பெரிய தாமதம் ஒளிந்திருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, இன்டரப்ட் அணைந்திருந்த நேரம். மற்றது, கொடி உயர்ந்த பிறகும் கெர்னல் அதைப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

சிபியு பயன்பாடு 10 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் ஆடியோ வெட்டுகிறதே?

அந்த 10 சதவீதம் சராசரி. ஆடியோவுக்குச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. 48,000 ஹெர்ட்ஸில் 128 ஃபிரேம் (ஒலி மாதிரி) பஃபர் வைத்திருக்கிறீர்கள் என்றால், 128-ஐ 48,000-ஆல் வகுங்கள்: 2.67 மில்லி நொடி. அந்த இடைவெளிக்கு ஒருமுறை உங்கள் த்ரெட் எழுந்து, கணக்குப் போட்டு, பஃபரை நிரப்பியாக வேண்டும். நொடிக்கு 375 தடவை, ஒரு மணி நேரத்தில் 13,50,000 தடவை. அதில் ஒரே ஒரு தடவை 3 மில்லி நொடி தாமதமானாலும் காதில் கேட்டுவிடும். மற்ற எல்லாத் தடவையும் 10 மைக்ரோ நொடியில் எழுந்தது என்பதால் அந்த வெட்டு மறைந்துவிடாது.

அதனால்தான் இந்த வேலையில் எப்போதும் அதிகபட்சம் எவ்வளவு என்றே கேட்க வேண்டும். பஃபரை 1024 ஆக்கினால் 21 மில்லி நொடி அவகாசம் கிடைக்கும். பாட்டு கேட்பதற்கு அது தாராளம். கிட்டார் வாசித்துக்கொண்டே தன் ஒலியை ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அது ஆகாது, விரலுக்கும் காதுக்கும் இடையே இடைவெளி தெரிந்துவிடும். அவருக்கு 64 அல்லது 128-தான் வேண்டும்.

டைம் ஸ்லைஸைக் குறைத்தால் தாமதம் குறையுமா?

பெரும்பாலும் இல்லை. ஒரே தகுதியுள்ள த்ரெட்கள் ஒரு கோருக்குப் போட்டியிடும்போதுதான் டைம் ஸ்லைஸுக்கு (ஒருமுறை ஏறினால் ஓடக் கிடைக்கும் நேரத்துக்கு) வேலை. உயர்ந்த முன்னுரிமையுள்ள த்ரெட் எழுந்தால், ஓடிக்கொண்டிருப்பதன் ஸ்லைஸ் முடியட்டும் என்று அது காத்திருக்காது. அப்போதே இறக்கிவிட்டு ஏறும். ஸ்லைஸை அளவுக்கு மீறிச் சின்னதாக்கினால் த்ரெட்கள் மாறிக்கொண்டே இருக்கும், கேஷ் (சிபியுவை ஒட்டிய வேக நினைவகம்) ஒவ்வொரு தடவையும் மறுபடி நிரம்ப வேண்டும், மொத்த வேலை குறையும்.

டைமர் டிக்கை 1000 ஹெர்ட்ஸ் ஆக்கச் சொல்கிறார்களே?

டிக் என்பது கெர்னல் சீரான இடைவெளியில் அடித்துக்கொள்ளும் மணி. அதை வேகமாக்கச் சொல்வது பழைய காலத்து அறிவுரை, பாதி மட்டும் இன்னும் உண்மை. லினக்ஸ் கெர்னலை 100, 250, 300, 1000 என்று நான்கு டிக் வேகங்களில் கட்டலாம். முன்பு தூக்கமெல்லாம் டிக்கோடு கட்டப்பட்டிருந்தது. 100 ஹெர்ட்ஸ் என்றால் 10 மில்லி நொடிக்குக் குறைந்து துல்லியமாகத் தூங்க வழியில்லை. 2007-இல் வந்த 2.6.21 பதிப்பிலிருந்து உயர் துல்லிய டைமர்கள் இருக்கின்றன. வன்பொருள் டைமரை வேண்டிய கணத்துக்கே நேரடியாக வைத்துவிடலாம், டிக் எவ்வளவு என்பது பொருட்டில்லை. ஒரே தகுதியுள்ள சாதாரண த்ரெட்களுக்கு இடையே ஸ்லைஸ் முடிந்ததா என்று பார்ப்பதற்கு டிக் இன்னும் பயன்படுகிறது. அந்த அளவுக்கு 1000 நல்லதுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சாதாரண த்ரெட்களை எழுப்பும்போது லினக்ஸ் 50 மைக்ரோ நொடி வரை தாமதிக்கச் சலுகை எடுத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து டைமர்களைச் சேர்த்து ஒரே தடவையில் எழுப்பி மின்சாரம் மிச்சம் பிடிக்கத்தான். ரியல் டைம் (கெடு தவறக் கூடாத வேலைக்கான) முன்னுரிமையுள்ள த்ரெட்களிடம் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. "என் தூக்கம் எப்போதும் 50 மைக்ரோ நொடி அதிகமாகவே வருகிறது" என்று குழம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

இப்போது லினக்ஸில் இருக்கும் ஷெட்யூலர் எது?

2007-இல் இங்கோ மோல்னார் எழுதி 2.6.23-இல் சேர்ந்த சிஎஃப்எஸ் நீண்ட காலம் இருந்தது. ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு நேரம் ஓடியது என்று எடை போட்டுக் கணக்கு வைத்து, யார் குறைவாக ஓடினாரோ அவரை அடுத்து ஏற்றுவது அதன் வழி. பங்கை நியாயமாகப் பிரித்தது. ஆனால் "எனக்குப் பங்கு கொஞ்சம் போதும், கேட்டவுடன் கிடைக்க வேண்டும்" என்று ஒரு த்ரெட் சொல்வதற்கு அதில் ஒழுங்கான வழி இல்லை.

2023 அக்டோபரில் வந்த 6.6 பதிப்பில் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா அதன் இடத்தில் ஈஈவிடிஎஃப் முறையைக் கொண்டுவந்தார். யோசனை புதிதில்லை, அயான் ஸ்டோய்காவும் ஹுசைன் அப்துல் வஹாபும் 1995-இல் எழுதியது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதற்குச் சேர வேண்டியதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கு வைக்கிறது. பாக்கி இருப்பவர்களை மட்டும் தகுதியானவர்களாக எடுத்துக்கொண்டு, அவர்களில் யாருடைய கெடு முதலில் வருகிறதோ அவரை ஏற்றுகிறது. சின்ன ஸ்லைஸ் கேட்பவருக்குக் கெடு சீக்கிரம் வரும், மொத்தப் பங்கு மாறாது. 6.12 முதல் ஒரு த்ரெட் தன் ஸ்லைஸை 0.1 முதல் 100 மில்லி நொடிக்குள் தானே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டெஸ்க்டாப் வேலைகளுக்கு இது நல்ல முன்னேற்றம் என்பது என் கருத்து. ஆனால் இது நியாயமான பங்கீடு மட்டும்தான். கெடு தவறவே கூடாது என்பவர்கள் இதை நம்பி இருக்கக் கூடாது.

நைஸ் மதிப்பை மைனஸ் 20 வைத்துவிட்டேன். அது போதாதா?

போதாது. நைஸ் என்பது பங்கின் எடை. ஒவ்வொரு படிக்கும் எடை சுமார் 1.25 மடங்கு மாறும். 0-இல் 1024 என்றால் மைனஸ் 20-இல் 88,761, ஏறக்குறைய 87 மடங்கு. பெரிய பங்குதான், ஆனால் வரிசை அதே வரிசை.

ஃபிஃபோ, ஆர்ஆர் என்ற ரியல் டைம் வகைகள் வேறு வரிசையில் நிற்கின்றன. அவற்றின் முன்னுரிமை 1 முதல் 99 வரை. அந்த வரிசையில் ஒரு த்ரெட் தயாராக இருந்தால் சாதாரண த்ரெட் எதுவும் அந்த கோரில் ஓடாது. ஃபிஃபோவில் ஏறியது தானாக இறங்கும் வரை அல்லது தன்னைவிட உயர்ந்தது வரும் வரை ஓடும். ஆர்ஆரில் ஒரே முன்னுரிமை உள்ளவர்கள் மாறி மாறி ஓடுவார்கள். இயல்பான முறை நேரம் 100 மில்லி நொடி.

99 வைக்காதீர்கள். கெர்னலின் சொந்த வேலைக்காரர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள். இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் த்ரெட்டாக ஓடும் கெர்னலில் அவற்றின் இயல்பான முன்னுரிமை 50. உங்கள் ஆடியோ த்ரெட்டை 80-இல் வைத்துவிட்டு, சவுண்ட் கார்டின் இன்டரப்ட் த்ரெட்டை 50-இலேயே விட்டால், இடையில் 60-இல் ஓடும் யாரோ ஒருவர் சவுண்ட் கார்டைக் காக்க வைத்துவிடலாம். தகவல் வந்தால்தானே உங்கள் த்ரெட் எழும்? சங்கிலியில் உள்ள எல்லாக் கண்ணிகளையும் சேர்த்து உயர்த்த வேண்டும். கார்டின் இன்டரப்ட் த்ரெட் உங்கள் த்ரெட்டைவிட ஒரு படி மேலே இருப்பது நல்லது.

த்ரெட் கெர்னலுக்குள் இருக்கும்போது அதை இடையில் நிறுத்த முடியுமா?

இங்குதான் விஷயமே இருக்கிறது. உங்கள் சொந்த நிரல் ஓடும்போது இன்டரப்ட் வந்தால் எப்போதும் நிறுத்தலாம். அது சிஸ்டம் கால் போட்டு, அதாவது ஒரு வேலையைக் கேட்டு, கெர்னலுக்குள் போய்விட்டால், விடை அந்தக் கெர்னலை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.

பிரீஎம்ப்ஷனே வேண்டாம் என்று கட்டிய கெர்னலில், உள்ளே போன வேலை தானாகத் தூங்கப் போகும்போதோ திரும்பி வெளியே வரும்போதோதான் கொடி பார்க்கப்படும். நீண்ட லூப்களின் நடுவே கெர்னல் எழுதுகிறவர்கள் கையால் சில நிறுத்தங்கள் வைத்திருப்பார்கள், அவ்வளவே. சர்வர்கள் நீண்ட காலம் இப்படித்தான் ஓடின. வாலன்டரி என்ற வகையில் அந்த நிறுத்தங்கள் இன்னும் அதிகம். ஃபுல் வகையில் கெர்னலுக்குள் ஏறக்குறைய எந்த வரியிலும் ஆளை மாற்றலாம். ராபர்ட் லவ் முன்னெடுத்த இந்த வேலை 2002-இல் 2.5 தொடரில் சேர்ந்து, 2003 டிசம்பரில் 2.6 வழியாக எல்லோருக்கும் கிடைத்தது. 5.12 முதல் இந்த மூன்றில் எது வேண்டும் என்று பூட் செய்யும்போதே சொல்லும் வசதி இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த 6.13-இல் லேசி என்று இன்னொன்றும் சேர்ந்தது. ரியல் டைம் த்ரெட் வந்தால் உடனே மாற்றும், சாதாரண த்ரெட்களுக்கு இடையே என்றால் அடுத்த டிக் வரை பொறுக்கும்.

"ஏறக்குறைய" என்றேன். ஃபுல் வகையிலும் ஸ்பின்லாக் (காத்திருப்பவர் தூங்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும் பூட்டு) பிடித்திருக்கும் பகுதியில் மாற்ற முடியாது. ஒற்றைத் தண்டவாளப் பிரிவுக்குள் சரக்கு ரயில் நுழைந்துவிட்டால், பின்னால் வருகிற எக்ஸ்பிரஸ் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் அது வெளியேறும் வரை சிக்னலில் நிற்க வேண்டியதுதான். கெர்னலில் அப்படிப்பட்ட பகுதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் மிக நீளமானது எதுவோ அதுதான் உங்கள் மோசமான தாமதம்.

அப்படியானால் பிரீஎம்ப்ட் ஆர்டி என்ன செய்கிறது?

இது லினக்ஸை ரியல் டைம் வேலைக்கு ஏற்றதாக்கும் மாற்றத் தொகுப்பு. அந்தப் பகுதிகளை எல்லாம் இடையில் நிறுத்தக்கூடியவையாக மாற்றுகிறது. பெரும்பாலான ஸ்பின்லாக்குகள் தூங்கக்கூடிய லாக்குகள் ஆகின்றன. அவற்றைப் பிடித்திருப்பவரையும் இறக்கிவிட்டு முக்கியமானவர் ஏறலாம். இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் த்ரெட்களாகின்றன. எது முன்னால் ஓட வேண்டும் என்று நீங்களே முன்னுரிமை வைக்கலாம். உண்மையிலேயே எதையும் நிறுத்த முடியாத பகுதிகள் மிகக் கொஞ்சமாகச் சுருங்கிவிடுகின்றன.

தாமஸ் கிளெய்க்ஸ்னர், இங்கோ மோல்னார், ஸ்டீவன் ராஸ்டெட் உள்ளிட்டோர் 2004 வாக்கில் தொடங்கிய வேலை இது. உயர் துல்லிய டைமர்கள், த்ரெட்டாக ஓடும் இன்டரப்டுகள், முன்னுரிமையைக் கைமாற்றும் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) என்று இதிலிருந்து துண்டு துண்டாகப் பிரதான கெர்னலுக்குள் போனவை ஏராளம். கடைசித் துண்டு 2024 செப்டம்பரில் சேர்ந்தது. அதைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள் அச்சிட்ட காகிதமாகவே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுக்கப்பட்டது. 6.12 முதல் எக்ஸ்86, ஆர்ம் 64, ரிஸ்க் ஃபைவ் என்ற சிபியு வகைகள் மூன்றிலும் தனி பேட்ச் இல்லாமலே இதைக் கட்டிக்கொள்ளலாம். இருபது ஆண்டு ஒரே பிரச்சினையை விடாமல் பிடித்திருந்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

கடைசிவரை இழுத்தடித்தது எது தெரியுமா? செய்தி அச்சிடும் பிரின்ட்கே. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், கணக்குப் போட்டால் புரிந்துவிடும். சீரியல் கன்சோல் 115200 வேகத்தில் ஓடுகிறது. ஒரு எழுத்துக்கு 10 பிட், ஆக நொடிக்கு 11,520 எழுத்து. 80 எழுத்துள்ள ஒரே ஒரு வரியை அனுப்ப 7 மில்லி நொடி ஆகும். பழைய பிரின்ட்கே அந்த நேரம் முழுக்க இன்டரப்டை அணைத்துக்கொண்டு அனுப்பக்கூடியது. ஏதோ ஒரு டிரைவர் எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டால் உங்கள் 2.67 மில்லி நொடி கெடு இரண்டு தடவைக்கு மேல் போய்விடும். அதே சமயம் கெர்னல் விழும்போது கடைசிச் செய்தி வெளியே வந்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிக்கத்தான் அத்தனை வருடம் ஆனது.

ஆர்டி கெர்னல் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?

இல்லை. மொத்த வேலை கொஞ்சம் குறையத்தான் செய்யும். லாக் ஒவ்வொன்றும் கனமாகிறது, கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் கூடுகிறது. கேம் விளையாடவோ வீடியோ கன்வர்ட் செய்யவோ இது தேவையில்லை.

உயர்ந்த முன்னுரிமை கொடுத்தும் த்ரெட் காத்திருக்கிறது. யாருக்காக?

அநேகமாகக் குறைந்த முன்னுரிமையுள்ள ஒருவர் பிடித்திருக்கும் மியூடெக்ஸுக்காக. இதற்கு இன்றுவரை சொல்லப்படும் உதாரணம் செவ்வாயில் நடந்தது.

நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல் டைம் இயங்குதளம். தகவல் பஸ்ஸைக் (கருவிகளை இணைக்கும் தடத்தை) கவனிக்கும் டாஸ்க் (த்ரெட் போன்றதுதான்) ஒன்று உயர்ந்த முன்னுரிமையில் இருந்தது. வானிலைக் கருவியின் தகவலைச் சேர்க்கும் டாஸ்க் கீழே இருந்தது. இரண்டும் ஒரே மியூடெக்ஸைப் பகிர்ந்துகொண்டன. வானிலை டாஸ்க் மியூடெக்ஸைப் பிடித்திருந்த நேரத்தில், நடு முன்னுரிமையில் இருந்த வேறு டாஸ்க்குகள் எழுந்து அதை இறக்கிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன. மேலே இருந்த பஸ் டாஸ்க் மியூடெக்ஸுக்காகக் காத்தது. மியூடெக்ஸ் வைத்திருந்தவருக்கோ சிபியு கிடைக்கவில்லை. பஸ் வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை என்று பார்த்த கண்காணிப்பு, மொத்தக் கணினியையும் ரீசெட் செய்துவிட்டது.

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்கள் பூமியில் இருந்த நகலில் அதே சூழலை உண்டாக்கிக் காரணத்தைப் பிடித்தார்கள். விஎக்ஸ்வொர்க்ஸ் மியூடெக்ஸில் முன்னுரிமையைக் கைமாற்றும் வசதி இருந்தது. அந்த மியூடெக்ஸுக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கும் மாற்றத்தைப் பூமியிலிருந்தே அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

அந்த வசதியின் யோசனை எளிது: மேலே உள்ளவர் எனக்காகக் காத்திருக்கும் வரை, நான் அவருடைய முன்னுரிமையில் ஓடுவேன். இதை முறையாக ஆராய்ந்து லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூவரும் 1990-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ராஜ்குமார் கோயம்புத்தூர் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்.

லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் பிதிரெட் நூலகத்தின் மியூடெக்ஸிலும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் இயல்பாக அது இயங்காது. மியூடெக்ஸை உருவாக்கும்போது நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தாமதத்தை எப்படி அளப்பது?

தாமஸ் கிளெய்க்ஸ்னர் எழுதிய சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவி. கோருக்கு ஒரு த்ரெட், உயர்ந்த முன்னுரிமை, நினைவகத்தைப் பூட்டும் தெரிவு, 1000 மைக்ரோ நொடி இடைவெளி என்று ஓட விடுங்கள். ஒவ்வொரு தடவையும் எழ வேண்டிய நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது குறித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: சுற்று 36,00,000, குறைந்தது 3, சராசரி 6, அதிகபட்சம் 2140. சராசரியைப் பார்த்து மகிழ வேண்டாம். 2140 என்பது 2.14 மில்லி நொடி. 128 ஃபிரேம் ஆடியோவுக்கு மிச்சம் இருப்பது அரை மில்லி நொடிதான்.

சும்மா இருக்கும் கணினியில் அளந்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. டிஸ்கில் பெரிய கோப்பு எழுதுங்கள், நெட்வொர்க்கை நிரப்புங்கள், ஸ்ட்ரெஸ் என்ஜி போன்ற கருவியை ஓட விடுங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரையும் வேலை வாங்குங்கள். அப்போது வருவதுதான் உண்மையான எண். ஐந்து நிமிடம் போதாது, ஒரு இரவாவது ஓட வேண்டும்.

ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். சைக்ளிக்டெஸ்ட் ஓடும்போது, சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக வேண்டாம் என்று கெர்னலிடம் தானாகவே கேட்டுக்கொள்ளும். உங்கள் நிரல் அப்படிக் கேட்காது. அதனால் சோதனையில் 20 மைக்ரோ நொடி, சொந்த நிரலில் 200 மைக்ரோ நொடி என்று வந்து பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நீங்களும் சிபியு டிஎம்ஏ லேட்டன்சி என்ற டிவைஸ் கோப்பைத் திறந்து பூஜ்யம் எழுதி, நிரல் முடியும் வரை மூடாமல் வைத்திருங்கள்.

எவ்வளவு என்று தெரிந்த பிறகு ஏன் என்று கேட்க வேண்டும். அதற்கு 5.14 முதல் கெர்னலிலேயே டைமர்லாட், ஓஎஸ்நாய்ஸ் என்ற இரண்டு டிரேசர்கள் இருக்கின்றன. தாமதத்தில் எவ்வளவு இன்டரப்டால், எவ்வளவு வேறு த்ரெட்டால் என்று பிரித்துக் காட்டும். இவற்றை எழுதிய டேனியல் பிரிஸ்டோ டி ஒலிவேரா 2024-இல் இளம் வயதிலேயே காலமானார். இந்தத் துறையில் ஊகத்தின் இடத்தில் கணக்கைக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

கெர்னலைச் சரிசெய்தும் எப்போதாவது பெரிய தாவல் வருகிறது. எங்கிருந்து?

கெர்னலுக்கும் கீழே இருந்து. எக்ஸ்86 கணினிகளில் எஸ்எம்ஐ என்ற இன்டரப்ட் வந்தால் சிபியு, போர்டுடன் வரும் பயாஸ் நிரலுக்குப் போய்விடும். கெர்னலால் அதைத் தடுக்கவும் முடியாது, நடந்தது தெரியவும் தெரியாது. நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். எச்டபிள்யூலாட் என்ற சோதனை இதைப் பிடிக்கும். இன்டரப்டுகளை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைத் தொடர்ந்து படித்து, எண்கள் திடீரென்று தாவுகின்றனவா என்று பார்க்கும். தாவினால் ஷெட்யூலர் அமைப்புகளில் இனித் தேட ஒன்றுமில்லை. பயாஸ் அமைப்புகளைப் பாருங்கள், அல்லது வேறு போர்டு வாங்குங்கள். மடிக்கணினிகளில் இது அடிக்கடி வரும். விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினாலும் இதே கதைதான்: ஹோஸ்ட் உங்கள் சிபியுவையே கொஞ்ச நேரம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

என் நிரலில் நான் கவனிக்க வேண்டியது?

முதலில் நினைவகம். இதுவரை தொடாத ஒரு நினைவகப் பக்கத்தைத் த்ரெட் தொட்டால் பேஜ் ஃபால்ட் (கெர்னல் வந்து அந்தப் பக்கத்தைக் கொடுக்க வேண்டிய நிலை), அது டிஸ்க் வரை போனால் மில்லி நொடிகள் காலி. தொடக்கத்திலேயே மொத்த நினைவகத்தையும் பூட்டிவிடுங்கள், ஸ்டாக்கையும் ஒருமுறை தொட்டு வையுங்கள்.

கெடு உள்ள லூப்புக்குள் மேலாக் (புதிதாக நினைவகம் கேட்கும் அழைப்பு) வேண்டாம், கோப்பில் எழுதுவது வேண்டாம், திரையில் அச்சிடுவதும் வேண்டாம். நடந்ததைப் பதிவு எழுத வேண்டும் என்றால் ஒரு ரிங் பஃபரில் போட்டுவிட்டுப் போங்கள், சாதாரண த்ரெட் ஒன்று நிதானமாக எடுத்து எழுதட்டும். ஒவ்வொரு சுற்றிலும் "இன்னும் 1 மில்லி நொடி தூங்கு" என்று சொல்லாதீர்கள்; வேலைக்கு ஆன நேரமும் தாமதமும் சேர்ந்து கெடு மெல்ல நகர்ந்துகொண்டே போகும். "இந்த மணிக்கு எழுப்பு" என்று முழு நேரத்தைக் கொடுத்துத் தூங்குங்கள்.

ஃபிஃபோ த்ரெட் முடிவில்லாத லூப்பில் சிக்கினால் கணினியே உறைந்துவிடுமா?

ஒரே கோர் என்றால் உறையத்தான் வேண்டும், ஆனால் கெர்னல் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. ரியல் டைம் த்ரெட்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு நொடியிலும் 0.95 நொடிதான் எடுக்கலாம் என்பது பழைய இயல்பு அமைப்பு. வேறு யாருக்குமே சிபியு தேவைப்படாதபோதும் இது வெட்டிவிடும் என்ற குறை இருந்தது. 6.12-இல் இதை மாற்றி, சாதாரண த்ரெட்கள் பட்டினி கிடந்தால் மட்டும் நொடிக்கு 50 மில்லி நொடி அவர்களுக்குக் கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள்.

டெட்லைன் வகை ஷெட்யூலிங்கை எப்போது பயன்படுத்தலாம்?

"ஒவ்வொரு 10 மில்லி நொடியிலும் எனக்கு 2 மில்லி நொடி வேண்டும்" என்று உங்கள் வேலையை எண்ணில் சொல்ல முடிந்தால். 2014-இல் வந்த 3.14 முதல் இருக்கிறது. கெடு சீக்கிரம் வருபவர் முதலில் ஓடுவார். மொத்தக் கோரிக்கை சிபியுவின் சக்தியைத் தாண்டினால் புதியவரைச் சேர்க்கவே மறுத்துவிடும். இந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்த அம்சம்: எல்லோருக்கும் சரி சொல்லிவிட்டு நடுவில் கைவிடுவதில்லை. வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து வைக்காதவர்களுக்கு ஃபிஃபோவே போதும்.

எங்கள் சர்வர் கன்டெய்னரில் ஓடுகிறது. சில ரெக்வெஸ்டுகள் மட்டும் 80 மில்லி நொடி அதிகம் எடுக்கின்றன.

அந்த 80 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. கன்டெய்னருக்கு 2 சிபியு வரம்பு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். கெர்னல் இதை 100 மில்லி நொடி காலக்கட்டத்துக்கு 200 மில்லி நொடி சிபியு நேரம் என்று புரிந்துகொள்கிறது. உங்கள் சர்வரில் 10 த்ரெட்கள் ஒரே சமயம் எழுந்து 10 கோரில் ஓடினால், 20 மில்லி நொடியில் அந்த 200 தீர்ந்துவிடும். மிச்சமுள்ள 80 மில்லி நொடி எல்லா த்ரெட்களும் நிறுத்தி வைக்கப்படும். கணினியில் மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் இதே நிலைதான். கன்டெய்னரின் சிபியு புள்ளிவிவரக் கோப்பில் எத்தனை முறை நிறுத்தப்பட்டது என்ற எண் இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். த்ரெட் எண்ணிக்கையை வரம்புக்கு ஏற்றபடி குறையுங்கள், இல்லையென்றால் வரம்பை உயர்த்துங்கள்.

விண்டோஸில் நிலைமை எப்படி?

முன்னுரிமை 0 முதல் 31 வரை, 16 முதல் ரியல் டைம். இயல்பான டைமர் டிக் 15.6 மில்லி நொடி. 1 மில்லி நொடி தூங்கச் சொன்னால் 15 வரை போவது அதனால்தான், நிரல் கேட்டால் குறைத்துக்கொள்ளலாம். அங்கே ஆடியோ வெட்டுக்குப் பெரும்பாலும் காரணம் டிரைவர்களின் டிபிசி, அதாவது இன்டரப்டுக்குப் பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்த வேலை. டிபிசி ஓடும்போது அந்த கோரில் எந்தத் த்ரெட்டும், எவ்வளவு முன்னுரிமை இருந்தாலும், ஏற முடியாது. 100 மைக்ரோ நொடிக்கு மேல் ஓடக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறது. எல்லா டிரைவரும் கேட்பதில்லை. வைஃபை டிரைவரை அணைத்துப் பாருங்கள் என்ற பழைய அறிவுரை பல நேரம் பலிப்பது இதனால்தான்.

ஆர்டி லினக்ஸை நம்பி மோட்டாருக்கு நேரடியாகப் பல்ஸ் அனுப்பலாமா?

அனுப்புகிறார்கள். லினக்ஸ்சிஎன்சி என்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் பல வருடமாக அப்படி ஓடுகிறது. மோட்டார் படிகளை மென்பொருளே உண்டாக்கினால் 25 மைக்ரோ நொடி அளவில் ஒரு த்ரெட் எழ வேண்டும், அதற்கு ஏற்ற போர்டைத் தேடித்தான் வாங்க வேண்டும். பல்ஸ் வேலையைத் தனி அட்டைக்குக் கொடுத்துவிட்டால் லினக்ஸ் பக்கம் 1 மில்லி நொடி த்ரெட் போதும்; சாதாரண கணினியே தாங்கும்.

3டி பிரின்டர்களுக்கான கிளிப்பர் என்ற மென்பொருள் இன்னொரு வழியில் போகிறது. எந்த மோட்டார் எந்தக் கணத்தில் நகர வேண்டும் என்ற கணக்கை மட்டும் ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் கணினி முன்கூட்டியே போட்டு அனுப்பும். சரியான கணத்தில் பல்ஸ் கொடுப்பது சின்ன மைக்ரோகன்ட்ரோலரின் வேலை. லினக்ஸ் சில மில்லி நொடி தடுமாறினாலும் வரிசையில் அடுத்த வேலைகள் காத்திருப்பதால் பிரின்டர் நிற்காது, ஆர்டி கெர்னலும் தேவைப்படாது. புதிதாக ஒன்றை வடிவமைக்கிறீர்கள் என்றால் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஒன்றிரண்டு மைக்ரோ நொடித் துல்லியம் வேண்டிய பகுதி எது என்று முதலில் பிரித்து, அதை ஷெட்யூலரே இல்லாத சிப்பில் வையுங்கள்.